1972: நிலத்தடி அணுக்கழிவு குறித்து ஒரே ஆண்டில் கிடைத்த இரண்டு சாட்சியங்கள்

1972 ஜூன் மாதத்தில், தெற்குப் பிரான்சின் பியேர்லாத் நகரிலிருந்த யுரேனியச் செறிவூட்டல் ஆலையில், வழக்கமான ஓர் அளவீட்டின்போது ஓர் எண் ஒத்துவரவில்லை. இயற்கை யுரேனியம் எந்த நாட்டுத் தாதுவிலிருந்து வந்தாலும் அதில் யுரேனியம்-235 என்னும் ஐசோடோப்பின் பங்கு 0.7202 விழுக்காடாகவே இருக்கும். நிலவுப் பாறையிலும் அதே விகிதந்தான். அன்று சோதித்த மாதிரியிலோ 0.7171 விழுக்காடே இருந்தது. இலட்சம் அணுக்களுக்கு மூன்று அணுக்கள் குறைவு. வேறு எந்த உலோகமாக இருந்தாலும் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். யுரேனியம்-235 அணுகுண்டுக்கும் அணு உலைக்கும் பொதுவான எரிபொருள். பியேர்லாத் ஆலையோ இராணுவத் தேவைக்காகக் கட்டப்பட்டது. அங்கே கிராம் கணக்கும் பிசகக் கூடாது.

செறிவூட்டலுக்குப் பின் எஞ்சும் சக்கை யுரேனியம் தவறுதலாகக் கலந்துவிட்டதோ என்பது முதல் ஐயம். உலையில் எரிந்த யுரேனியம் கலந்திருந்தால் யுரேனியம்-236 தென்பட வேண்டும், அது தென்படவில்லை. பிறகு சரக்கு வந்த வழியே பின்னோக்கிச் சென்றார்கள். சுத்திகரிப்பு ஆலை, அதற்கு முன் தாது ஆலை, அதற்கும் முன் கப்பல் என்று தொடர்ந்த தேடல், நடு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், பிரான்ஸ்வில் நகருக்கு அருகே ஓக்லோ என்னும் திறந்தவெளிச் சுரங்கத்தில் முடிந்தது. அங்கே எடுத்த சில மாதிரிகளில் யுரேனியம்-235 வெறும் 0.440 விழுக்காடு. அச்சுரங்கத்திலிருந்து ஏற்கெனவே அனுப்பிய சரக்கைக் கூட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ 200 கிலோ யுரேனியம்-235 கணக்கில் குறைந்தது. பல அணுகுண்டுகளுக்குப் போதுமான அளவு அது. திருடியவர் எவருமில்லை, பாறைக்குள்ளேயே அது எரிந்து தீர்ந்திருந்தது.

அதற்கான சான்று நியோடிமியம் என்னும் அரிய மண் தனிமத்தில் கிடைத்தது. இயற்கை நியோடிமியத்தில் 142 நிறை எண் கொண்ட ஐசோடோப்பு 27 விழுக்காடு இருக்கும். அணுப்பிளவில் பிறக்கும் நியோடிமியத்தில் அது இராது. ஓக்லோ மாதிரிகளில் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. அணு உலைக் கழிவில் மட்டுமே காணக்கூடிய கையொப்பம் பாறையில் பதிந்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் செய்தியை வெளியிட்டது: ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடர்வினை தானாகவே நிகழ்ந்திருக்கிறது.

இதை எதிர்பார்த்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய வேதியியலாளர் பால் குரோடா, பழங்காலத்து யுரேனியப் படிவம் ஒன்று தானே உலையாக மாறக்கூடும் என்று 1956-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கணக்கு எளிது. யுரேனியம்-235-இன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. யுரேனியம்-238-இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல முன்னதன் பங்கு கூடிக்கொண்டே போகும். 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஏறத்தாழ 3.7 விழுக்காடு, இன்றைய நீர்த்தணிப்பு உலைகளுக்குச் செறிவூட்டித் தரும் எரிபொருளின் அளவு அது. அதற்குச் சில பத்துக் கோடி ஆண்டுகள் முந்தித்தான் காற்றில் ஆக்சிஜன் பெருகத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் கரையும்; ஆக்சிஜனற்ற, கரிமப்பொருள் நிறைந்த இடத்தை அடைந்ததும் வீழ்படியும். அவ்வாறு ஓரிடத்தில் தடித்துப்போன தாதுவுக்குள் நிலத்தடி நீர் புகுந்து நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்தது, தொடர்வினை பற்றிக்கொண்டது. வெப்பத்தில் நீர் ஆவியாக, வினை அடங்கியது. குளிர்ந்து நீர் மீண்டதும் மறுபடி தொடங்கியது. பாறைக்குள் சிக்கியிருந்த செனான் வாயுவை ஆராய்ந்து, அரை மணி நேரம் எரிந்து இரண்டரை மணி நேரம் ஓய்ந்தது என்று அலெக்ஸ் மெஷிக் குழுவினர் 2004-இல் கணித்தார்கள். இலட்சக்கணக்கான ஆண்டுகள் இது நீடித்திருக்கிறது. திறன் மட்டும் மிகச் சிறியது. சராசரியாக 100 கிலோவாட்டைத் தாண்டவில்லை.

1975 ஜூனில், காபோனின் தலைநகர் லிப்ரவில்லில் பன்னாட்டு அணுசக்தி முகமை ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதற்குள்ளாகவே ஓக்லோ இயற்பியல் விந்தை என்னும் நிலையிலிருந்து வாதத்துக்கான சான்று என்னும் நிலைக்கு நகரத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் கோவன் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை பொது வாசகரிடம் இச்செய்தியைக் கொண்டுசேர்த்தது. வாதம் இதுதான்: ஓக்லோவில் பல டன் யுரேனியம் பிளவுற்றது, அதற்கு ஈடான அளவு கழிவும் உண்டானது, ஒரு டன்னுக்கு மேல் புளூட்டோனியமும் பிறந்தது. அங்கே செம்புக் கலனில்லை, காங்கிரீட் சுவரில்லை, காவலரில்லை. இருந்தும் அக்கழிவின் பெரும்பகுதி சில மீட்டர்கூட நகராமல் நின்றது. பாறையே இவ்வளவு செய்யுமானால், பொறியாளர் கட்டும் கிடங்கு இன்னும் நன்றாகச் செய்யாதா?

வாதத்தில் உண்மை உண்டு. 24,100 ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம்-239 சிதைந்து யுரேனியம்-235 ஆகும். அந்த மகவு யுரேனியம் தாய் பிறந்த இடத்திலேயே காணப்பட்டது. ஆகவே புளூட்டோனியம் தன் வாழ்நாளில் இடம்பெயரவில்லை. நியோடிமியம் முதலிய அரிய மண் தனிமங்களும் சிர்கோனியமும் பெரும்பாலும் அங்கேயே நின்றன. உலைப் பகுதியைச் சூழ்ந்திருந்த களிமண் உறையும், யுரேனியத் துகள்களைப் பொதிந்திருந்த கீல் போன்ற கரிமப்பொருளும், ஆக்சிஜனற்ற நீரும் சேர்ந்து காவல் புரிந்தன. இடையில் எரிமலைக் குழம்பு அப்பகுதியில் ஊடுருவி, ஈயத்தையும் யுரேனியத்தையும் ஓரளவு அசைத்ததுண்டு. உலைகள் அதையும் தாங்கின. அதே பாறை வேறு சிலவற்றைக் காக்கவில்லை. செனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அயோடினும் அவ்வாறே. முதலிரண்டின் அபாயமான ஐசோடோப்புகள் சில நூறு ஆண்டுகளில் தணிந்துவிடும் என்று ஆறுதல் சொல்லலாம். 1.57 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட அயோடின்-129-க்கு அந்த ஆறுதல் பொருந்தாது. துண்டறிக்கைகளில் புளூட்டோனியம் நின்ற கதை வந்த அளவுக்கு அயோடின் போன கதை வரவில்லை.

இத்தகைய இடங்களை அறிவியலாளர் ‘இயற்கை ஒப்புமை’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். சொல் தேர்வு சற்று யோசிக்கத்தக்கது. தமிழ் இலக்கணம் உவமையைச் செயல், பயன், வடிவம், நிறம் என்று எதனால் ஒப்புமை அமைகிறது என்பதைக் கொண்டு வகுத்தது. முகத்தை நிலவு என்றால் ஒளியைக் கொள்கிறோம்; தேய்வதையும் களங்கத்தையும் கொள்வதில்லை. எது ஒக்கிறது, எது ஒவ்வாது என்று வரையறுப்பதில்தான் உவமையின் நேர்மை இருக்கிறது. ஓக்லோவில் ஒப்பது கனிமத்தின் வேதியியல்: யுரேனியம் டைஆக்சைடு அங்கும் உண்டு, பயன்படுத்திய அணு எரிபொருளிலும் உண்டு. ஒவ்வாதது அளவும் வெப்பமும். நவீன உலையில் சில ஆண்டுகளில் எரிவது அங்கே இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல எரிந்தது. இன்னொன்றும் உண்டு. இன்று நம் கண்ணில் படுவன எஞ்சிய உலைகள் மட்டுமே. ஓக்லோவிலும், அதையொட்டிய ஒகேலோபொண்டோவிலும், சற்றுத் தொலைவிலுள்ள பாங்கோம்பேயிலுமாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட உலைப் பகுதிகள் அறியப்பட்டன. உலகில் வேறெங்கும் அகப்படவில்லை. அந்தப் பழங்காலத்தில் வேறு உலைகள் எரிந்து, பின் நீரில் கரைந்து தடமின்றிப் போயிருந்தால் அவை சாட்சி சொல்ல வரப்போவதில்லை. கரைசேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிக் கடல் அமைதியானது என்று முடிவு கட்டலாகாது.

ஒப்புமை ஆய்வாளர்கள் இதை அறியாதவர்களல்லர். 1980-களில் அவர்கள் உலகின் பல மூலைகளுக்கும் சென்றார்கள். பிரேசிலின் போசோஸ் தே கால்தாஸ் மேட்டு நிலத்தில், மோரோ தோ ஃபெரோ என்னும் குன்று இயற்கைக் கதிரியக்கம் மிகுந்தது. வெப்பமண்டல மழை இடைவிடாமல் கழுவியும் அங்குள்ள தோரியம் அசையவில்லை என்று கண்டார்கள். தோரியம் புளூட்டோனியத்துக்கு வேதியியல் உறவு. மெக்சிகோவின் பேன்யா பிளாங்காவில் கிடைத்த சாட்சியம் இவ்வளவு இனிமையானதன்று. அங்கே எரிமலைச் சாம்பல் பாறையில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்றுப் படும்படி இருந்த யுரேனியக் கனிமம் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு கனிமமாக மாறிவிட்டிருந்தது. அமெரிக்கா தன் கழிவுக்காக 1987-இல் தேர்ந்த நெவாடாவின் யுக்கா மலையும் அத்தகைய பாறைதான்; அங்கும் கிடங்கு நீர்மட்டத்துக்கு மேலேதான் திட்டமிடப்பட்டது. அத்திட்டத்தின் விளக்கத் தாள்களில் ஆக்சிஜனற்ற சூழலைச் சேர்ந்த ஓக்லோவும் இடம்பெற்றது. முகத்துக்கு நிலவை உவமை சொன்னது போன்றதே இது. ஒவ்வாத கூறு மறைவாக நின்றது.

எல்லாவற்றினும் புகழ்பெற்றது கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்துச் சிகார் ஏரிப் படிவம். சுமார் 430 மீட்டர் ஆழத்தில், 130 கோடி ஆண்டு பழமையான, மிகச் செறிந்த யுரேனியத் தாது. சுற்றிலும் களிமண் போர்வை. மேற்பரப்பில் கதிரியக்கத்தின் சுவடே இல்லை. கனடிய அணுசக்திக் கழகம் 1994-இல் அளித்த சுற்றுச்சூழல் அறிக்கையின் வாதத்துக்கு இது பெருந்துணை. சீபோர்ன் தலைமையிலான விசாரணைக் குழு 1998-இல் தந்த முடிவு நினைவில் கொள்ளத்தக்கது: தொழில்நுட்ப நோக்கில் பாதுகாப்பு மொத்தத்தில் போதிய அளவு காட்டப்பட்டது, சமூக நோக்கில் காட்டப்படவில்லை. களிமண்ணின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டே, அது பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அக்குழு கண்டது.

அந்தக் கேள்விக்கான சாட்சியம் ஓக்லோ வெளிப்பட்ட அதே 1972-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கிடைத்திருந்தது. அதைப் பற்றி மாநாடுகள் கூட்டப்படவில்லை.

அணுக்கழிவை உப்புப் படுகையில் புதைக்கலாம் என்று அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமி 1957-இல் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையும் ஒருவகை இயற்கை ஒப்புமைதான்: நீர் வந்திருந்தால் உப்பு கரைந்திருக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக உப்பு இருக்கிறதென்றால் நீர் வரவில்லை. இதைவிடத் தெளிவான தர்க்கம் கிடைப்பது அரிது. லையன்ஸ் என்னும் சிற்றூரின் கைவிடப்பட்ட உப்புச் சுரங்கத்தில் 1960-களில் சோதனைகள் நடந்தன. 1970-இல் அணுசக்தி ஆணையம் அவ்விடத்தையே நாட்டின் முதல் கழிவுக் கிடங்காகத் தேர்ந்தது. கான்சஸ் மாநிலப் புவியியலாளர்கள் தடை எழுப்பினார்கள். அவர்களின் கவலை உப்பைப் பற்றியதன்று. அப்பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடிப் பல தலைமுறையாகத் துளையிட்டிருந்தார்கள். உப்புப் படுகையை ஊடுருவிச் சென்ற அத்துளைகள் பலவற்றுக்கு ஒழுங்கான பதிவேடுகூட இல்லை. சரிவர அடைக்கப்பட்டனவா என்றும் தெரியாது. அருகிலிருந்த வேறொரு உப்பு நிறுவனம் நீரைச் செலுத்தி உப்பைக் கரைத்தெடுத்தபோது, உள்ளே விட்ட நீரில் பெருமளவு எங்கே போனதென்று தெரியாமல் மறைந்தது. 1972-இல் லையன்ஸ் திட்டம் கைவிடப்பட்டது. 25 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நீரைத் தடுத்த உப்பு, சில பத்தாண்டுகளின் துளைக்கருவிக்கு ஈடுகொடுக்கவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓக்லோவின் கதையே வேறாகத் தோன்றுகிறது. ஓக்லோவை நாம் எவ்வாறு அறிந்தோம்? தோண்டியதால். 200 கோடி ஆண்டுகள் மலையெழுச்சியையும் எரிமலைக் குழம்பையும் பொறுத்துக்கொண்ட உலைப் பகுதிகள், சுரங்கம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் லாரியில் ஏறி, கப்பலில் போய், பிரெஞ்சு ஆலையில் வாயுவாக மாறின. அந்த எண் பிசகு கண்ணில் பட்டிராவிட்டால் மற்ற சரக்கோடு கலந்தே போயிருக்கும். சுரங்கத் தொழில் 1999-இல் முடிந்தபோது ஓக்லோ உலைகளில் பெரும்பாலானவை வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. சுமார் 12 மீட்டர் ஆழத்தில் மட்டுமே கிடந்த பாங்கோம்பே உலையைக் காப்பாற்றுமாறு ஸ்ட்ராஸ்பூர்க் புவிவேதியியலாளர் பிரான்சுவா கோத்தியே-லாஃபாய் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுத வேண்டியிருந்தது. கழிவு மனிதனிடமிருந்து காக்கப்படுமா என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட பாறையையே மனிதனிடமிருந்து காக்கக் கோரிய கடிதம் அது.

முனானா ஆலையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓக்லோ தாது அரைபட்டது அங்கேதான். ஆலை இயங்கிய முதல் பதினைந்து ஆண்டுகள்வரை, யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சிய கதிரியக்கக் கழிவுமண் அருகிலிருந்த ஓடைப் பள்ளத்தில் விடப்பட்டது. பாறைக்குள் சில மீட்டர் நகர 200 கோடி ஆண்டுகள் போதாதிருந்த பொருளின் உறவுகள், அரைபட்டதும் நீரோடு போயின. லிப்ரவில் மாநாட்டுத் தொகுதிகளின் பொருள் பாறை. முனானாவில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் அதற்கு வெளியே நின்றார்கள்.

சிகார் ஏரியின் பிற்கதையும் இதே தடத்தில் செல்கிறது. களிமண் போர்வைக்குள் 130 கோடி ஆண்டுகள் கலையாதிருந்த தாதுவை எடுக்கச் சுரங்கம் வெட்டினார்கள். 2006 அக்டோபரில் பாறை சரிந்து நீர் புகுந்தது. சுரங்கம் முழுவதும் மூழ்கியது. நீரை இறைத்து, நிலத்தைச் செயற்கையாக உறையவைத்து, உறைந்த தாதுவை உயரழுத்த நீர்த்தாரையால் அறுத்தெடுக்கும் உத்தியோடு 2014-இல்தான் உற்பத்தி தொடங்கியது. அறிக்கைகளில் அசையாத் தன்மைக்கு எடுத்துக்காட்டாக வரையப்பட்ட படிவம் இன்று அணு உலைகளின் எரிபொருளாகிறது.

இதற்கு மறுமொழி உண்டு, அது வலுவானதும்கூட. கிடங்குக்கு இடம் தேர்பவர்கள் தாதுவோ எண்ணெயோ இல்லாத பாறையைத்தான் தேடுகிறார்கள். பின்லாந்து ஒல்கிலுவோட்டோ தீவில் 400 மீட்டருக்கும் கீழே வெட்டியுள்ள ஓன்கலோ கிடங்கு, தோண்டுவதற்கு யாருக்கும் காரணமில்லாத சாதாரணப் பாறையில் அமைந்தது. லையன்ஸின் பாடத்தைக் கற்றவர்களின் தேர்வு அது. எனினும் கழிவு வைக்கப்பட்ட பின் அந்தப் பாறை சாதாரணமாக இராது. பயன்படுத்திய எரிபொருளில் பெரும்பகுதி யுரேனியமே. செம்புக் கலனும் சேர்ந்து கிடக்கும். ஓக்லோவைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்ததைவிடச் செறிந்த தாது அது. நியூ மெக்சிகோவில் 1999 முதல் இயங்கும் உப்புக் கிடங்கு இராணுவக் கழிவுக்கானது. அதைச் சுற்றியோ எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த நாடு.

ஆகவே வருங்கால மனிதனுக்கு எச்சரிக்கை எழுதிவைக்கும் பணி மொழியியலாளரிடம் வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 1980-களின் தொடக்கத்தில் அமைத்த பணிக்குழுவில் குறியியல் அறிஞர் தாமஸ் செபியோக் இடம்பெற்றார். 10,000 ஆண்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 300 தலைமுறைகளுக்கு, ஒரு செய்தியைக் கொண்டுசெல்வது எப்படி என்பது அவருக்குத் தரப்பட்ட வினா. எந்த மொழியும் அவ்வளவு காலம் புரியும்படி நிற்காது என்பது அவருக்குத் தெரியும். செய்தியைத் தலைமுறைதோறும் புதுக்கி எழுத வேண்டும் என்றும், அச்சத்தையும் ஐதிகத்தையும் வளர்த்துக் காக்க ‘அணுப் பூசாரிகள்’ போன்ற ஒரு மரபு வேண்டும் என்றும் 1984 அறிக்கையில் எழுதினார். இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றும் யோசனை. ஆயினும் எழுத்தின் ஆயுளைக் குறித்து அவர் கொண்ட ஐயத்துக்குத் தமிழிலேயே ஓர் ஒப்புமை காட்ட முடியும்.

மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. கல் அழியவில்லை. மொழி அழியவில்லை, அக்குன்றின் அடிவாரத்தில் ஒருநாளும் தமிழ் பேசாமல் இருந்ததில்லை. இருந்தும் எழுத்தை வாசிக்கும் அறிவு அற்றுப்போயிற்று. ராபர்ட் சூவெல் 1882-இல் அவற்றைக் கண்டார்; அவற்றின் மொழி தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் இனங்காட்டினார். நெடுஞ்செழியன் பெயரை 1965-இல் ஐராவதம் மகாதேவன் படித்தார். மொழியும் மக்களும் இடமும் தொடர்ந்திருந்தும், 10,000 ஆண்டில் கால் பங்குகூட ஆகாத காலத்துக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி. படிக்கத் தெரிந்தால் போதுமா என்றால் அதுவும் ஐயமே. அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த காலத்தில்தான் மதுரை வட்டாரத்துக் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டன.

இந்தியாவில் இவ்விவாதம் வந்து நின்ற இடம் கோலார் தங்கவயல். இந்நாடு பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்து, எஞ்சும் உயர்நிலைக் கழிவைக் கண்ணாடியாக உருக்கி வைக்கிறது. வெப்பத்தைப் பாறை எவ்வாறு தாங்கும் என்றறியப் பாபா அணு ஆராய்ச்சி மையம், தங்கவயலின் கைவிடப்பட்ட ஒரு பகுதியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் பல ஆண்டுகள் சோதனை நடத்தியது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் கோலார் பெயர் அடிபட்டதும், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அவ்வூரில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே கழிவு புதைக்கும் திட்டமில்லை என்று அரசுத் தரப்பு பின்வாங்கியது. சோதனைக்கூடமாக அது தகுதியான இடமே. கிடங்காக நினைத்துப் பார்த்தால், லையன்ஸில் எழுந்த தடைகள் அத்தனையும் அங்கே இன்னும் பெரிதாக எழும்: நூறாண்டுக்கு மேல் மனிதர் குடைந்த பாறை அது; சயனைடு மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மீண்டும் எடுப்பது பற்றிய பேச்சும் ஓயவில்லை.

ஒப்புமை ஆய்வுகளில் வழக்கமாகக் கடைசியில் வரும் பெயர் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்திலுள்ள கூங்காரா. 1987 முதல் 1992 வரை ஐந்து நாடுகளின் ஆய்வாளர்கள் அதைத் துருவினார்கள். மழையும் வானிலைச் சிதைவும் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தும், யுரேனியம் சரிவின் வழியே பரவிய தூரம் சுமார் 80 மீட்டர்தான் என்று அளந்தார்கள். அத்தாது எடுக்கப்பட்டிருக்க வேண்டியது. காக்கடு தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அந்நிலத்தை மட்டும் சுரங்கத்துக்காகவே விலக்கி வைத்திருந்தார்கள்; உரிமம், ஓக்லோவை வெட்டிய தொழிலின் வாரிசான பிரெஞ்சு நிறுவனம் அரேவாவிடம் இருந்தது. நிலத்தின் மரபுவழிப் பொறுப்பாளர், ஜோக் குலத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ, பெருஞ்செல்வம் கைக்கு வரும் என்று தெரிந்தும் ஒப்புதல் தர மறுத்தார். அது தம் முன்னோர் காத்த இடம் என்பதே அவர் சொன்ன காரணம். 2011 ஜூனில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு பாரிஸில் கூடியபோது அவர் நேரில் சென்று வேண்டினார். குழு அந்நிலத்தைப் பாரம்பரியப் பகுதியில் சேர்த்தது. 2013-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சுரங்கத்துக்கு இடமளித்த பழைய சட்டத்தை நீக்கியது. நிலம் காக்கடு பூங்காவோடு இணைந்தது. ஆய்வாளர்கள் 80 மீட்டர் என்று அளந்த அந்த யுரேனியம் இப்போதும் அதே சரிவில்தான் கிடக்கிறது.